கம்பத்துல புது வீடு: செப்டிக் டேங்க் எப்படி வைக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஜாவி_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியா பினாங்குல சுங்கை பாக்காப் பக்கம் அப்பா வாங்கிப் போட்ட நெலத்துல வீடு கட்டப் போறோம், தாமான் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) கிடையாது, கம்பம்தான், அதாவது கிராமம், ரெண்டு பக்கமும் செம்பனை (எண்ணெய்ப் பனை), பின்னாடி ஒரு பாரிட் (வாய்க்கால்) ஓடுது, பக்கத்து வீட்டுப் பாட்டி இன்னும் கெணத்துத் தண்ணியிலதான் துணி தொவைக்கிறாங்க, பைப்புல தண்ணி வராத நாள்ல குடிக்கவும் அதுதான். ரோட்டுல கழிவுநீர் குழாய் இல்ல, அதனால செப்டிக் டேங்க்தான்னு தெரியும். ஆனா வேலை எடுத்திருக்கிற கண்ட்ராக்டர் என்ன சொல்றாருன்னா, டேங்க் எல்லாம் வீண் செலவு, சிமெண்ட் ரிங் நாலு எறக்கி அடியில வெறும் மண்ணா விட்டுட்டா தண்ணி தானா எறங்கிரும், ஆயுசுக்கும் கழிவு உறிஞ்சற லோரி கூப்பிட வேணாம்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு மனசு ஒப்பல.

வீட்டுல நாங்க ஏழு பேர், அப்பா அம்மாவுக்கு வயசாயிருச்சு, ரெண்டு சின்னப் பிள்ளைங்க. தீபாவளி, கல்யாணம், திதின்னா சொந்தக்காரங்க இருபது முப்பது பேர் வந்து தங்கிருவாங்க. எவ்ளோ பெரிய டேங்க் வேணும், ஃபைபரா கான்கிரீட்டா, கெணத்துலேருந்து எவ்ளோ தள்ளி வைக்கணும், அப்புறம் வருஷா வருஷம் என்ன பாக்கணும்? அனுபவப்பட்டவங்க சொன்னா நல்லாருக்கும்.


குழாய்_மாமா:

தம்பி, மொதல்ல அந்த ரிங் வேணாம்னு தெளிவா சொல்லிருங்க. அடி இல்லாத ரிங்குங்கறது டேங்க் இல்ல, குழி. பக்கத்துல கெணறு இருக்குன்னு நீங்களே சொல்றீங்க, அந்தக் குழியில விழறது மண்ணு வழியா எங்க போகும்னு நெனைச்சுப் பாருங்க. நான் கழிவுநீர் வேலையிலயே காலம் தள்ளினவன், பட்டர்வொர்த்லேருந்து நிபோங் திபால் வரைக்கும் எத்தனையோ வீட்டு டேங்க்க தொறந்து பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

டேங்க்குக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா வெளங்கிரும். கனமா இருக்கறது அடியில படியும், எண்ணெய் கொழுப்பு எல்லாம் பால்ல ஆடை கட்டற மாதிரி மேல மெதக்கும், நடுவுல இருக்கற தெளிஞ்ச தண்ணி மட்டும்தான் வெளிய போகணும். அடியில படிஞ்சத காத்து இல்லாம வாழற கிருமிங்க மெதுவா தின்னு கரைக்கும், ஆனா முழுசா கரைக்காது, மிச்சம் சேறா தங்கிட்டே இருக்கும், அத எடுக்கத்தான் லோரி. இதெல்லாம் நடக்க தண்ணி அசையாம நிக்கணும். அதுக்குத்தான் ரெண்டு அறை வைக்கிறாங்க, மொத அறை பெருசு, மொத்தத்துல மூணுல ரெண்டு பங்கு, ரெண்டாவது மிச்சம் ஒரு பங்கு. உள்ள வர்ற எடத்துலயும் வெளிய போற எடத்துலயும் ‘டி’ மாதிரி பைப் கீழ எறங்கி இருக்கணும். வர்ற தண்ணி மேல ஆடையக் கலைக்கக் கூடாது, வெளிய போறப்ப ஆடையும் கூடப் போகக் கூடாது, அதுக்குத்தான் அது. நான் தொறந்து பாத்த பழைய டேங்க்ல பாதிக்கு மேல இந்த டி பைப் ஒடஞ்சு உள்ள விழுந்து கெடந்துச்சு, வீட்டுக்காரங்களுக்குத் தெரியவே தெரியாது. வெளிய டாய்லெட் நல்லாத்தான் ஓடும், ஆனா கசடு நேரா லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) போயிட்டு இருக்கும்.

அளவு கேட்டீங்க. நம்ம நாட்டுக் கணக்குல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் கழிவுநீர்னு வைப்பாங்க, அப்ப ஏழு பேருக்கு 1,575 லிட்டர். வெள்ளக்காரன் பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, ஆள் எண்ணிக்கைய 180ஆல பெருக்கி 2,000 கூட்டறது, அதுபடி உங்களுக்கு 3,260 லிட்டர், அதாவது தண்ணி உள்ள ரெண்டு நாள் நிக்கும். சாதாரண நாளுக்கு அது போதும். ஆனா தீபாவளிக்கு இருபத்தஞ்சு பேர் தங்கினா ஒரே நாள்ல 5,600 லிட்டர் உள்ள வருது, ஒரு நாள் கூட நிக்காம அடியில படிஞ்சதையும் கெளப்பிட்டு வெளிய தள்ளிரும். அதனால நான் உங்க எடத்துல இருந்தா 4,500 லிட்டருக்குக் கொறையாம பாப்பேன். முன்னாடி கொஞ்சம் காசு கூடும், ஆனா புதைச்சப்புறம் பெருசாக்க முடியாது.

இன்னொண்ணு, எல்லாரும் டேங்க்கப் பத்தியே பேசுவாங்க, டேங்க்லேருந்து வெளிய வர்ற தண்ணி எங்க போகுதுன்னு கேக்க மாட்டாங்க. அது பாக்கத் தெளிவா இருக்கும், ஆனா சுத்தம் கிடையாது. அழுக்குல ஏறக்கொறைய மூணுல ஒரு பங்குதான் டேங்க் எடுக்கும், நோய்க் கிருமி பெரும்பாலும் அப்படியே வெளிய வரும். அதனால மொதல்ல மண்ணப் பாருங்க, அப்புறம் தண்ணி போற வழி, கடைசியாத்தான் டேங்க் வாங்கறது. கெணத்துலேருந்து கொறஞ்சது 15 மீட்டர், முடிஞ்சா 30 மீட்டர், அதுவும் கெணத்துக்கு மேட்டுப் பக்கம் வைக்கவே கூடாது.


வால்டோர்_வாசி:

மாமா சொல்றது சரியா இருக்கலாம், ஆனா எங்க தோட்டத்துல லயத்து வீடு எல்லாத்துக்கும் ரிங் குழிதான் இருந்துச்சு, தாத்தா காலத்துலேருந்து அதுதான், யாரும் லோரி கூப்பிட்டதும் இல்ல, நாறினதும் இல்ல. இப்ப எல்லாத்துக்கும் பெர்மிட், எஞ்சினியர், பிளான்னு சொல்லி ஏழைங்க தலையிலதான் செலவக் கட்டறாங்க. தம்பி வீடு கட்டவே கடன் வாங்கியிருப்பாரு, அதையும் கொஞ்சம் யோசிங்க.


குழாய்_மாமா:

தோழர், செலவு விஷயத்துல உங்க கவலை நியாயந்தான், அத நான் தள்ளிப் பேசல. ஆனா லயத்துல அன்னிக்கு இருந்தது ஒரு வாளித் தண்ணி ஊத்தற டாய்லெட். ஒரு ஆள் போனா மிஞ்சி மிஞ்சிப் போனா ரெண்டு மூணு லிட்டர், குளிக்கிறது தொவைக்கிறது எல்லாம் வெளியில பொதுக் கொழாயடியில. அந்தக் குழிக்கு வந்த தண்ணியே கொஞ்சம், மண்ணு அதக் குடிச்சிருச்சு. இன்னிக்கு ஃப்ளஷ் ஒரு இழுப்புக்கு 6 லிட்டர், ஷவர், வாஷிங் மெஷின்னு எல்லாம் வந்தாச்சு. அதே குழியில இத விட்டா சுத்தி மண்ணு வழவழன்னு கறுப்பா அடைச்சுக்கும், அப்புறம் மழைக்காலத்துல டாய்லெட் பொங்கி வீட்டுக்குள்ள வரும். நாறலங்கறது மட்டும் போதாது, அந்தக் காலத்துல லயத்துப் பிள்ளைங்களுக்கு வயித்தால போறதும் பூச்சி இருக்கறதும் எவ்ளோ சகஜமா இருந்துச்சுன்னு பெரியவங்களக் கேட்டுப் பாருங்க. கெணத்துத் தண்ணிய யாரும் டெஸ்ட் பண்ணதும் இல்ல.

தம்பிக்கு, பெர்மிட் விஷயம்: வீட்டு பிளான் எஞ்சினியர் மூலமா எம்பிஎஸ்பிக்கு (செபராங் பிறை மாநகர் மன்றம்) போறப்ப கழிவுநீர்ப் பகுதியும் கூடப் போகணும், அத ஸ்பான் (தேசிய தண்ணி சேவை ஆணையம்) சார்பா இண்டா வாட்டர் (கழிவுநீர் கம்பெனி) பாத்து ஒப்புதல் குடுப்பாங்க. ரெடிமேட் டேங்க் வாங்கறதா இருந்தா ஸ்பான் அங்கீகாரம் உள்ள மாடலான்னு கேட்டு, தாள எழுத்துல வாங்குங்க. கண்ட்ராக்டர் வாய்ல சொன்னா போதாது.


ஜாவி_தம்பி:

மாமா, ரொம்ப நன்றி, இவ்ளோ வெளக்கமா யாரும் சொன்னதில்ல. நீங்க மண்ணப் பாருன்னு சொன்னதால நேத்து சாயந்திரம் அப்பாவும் நானும் பின்னாடி ஒரு குழி வெட்டிப் பாத்தோம். மேல ஒரு அடி கறுப்பு மண்ணு, அதுக்குக் கீழ சாம்பல் கலர்ல களிமண்ணு, மண்வெட்டியில ஒட்டிக்கிட்டு விடவே மாட்டேங்குது, கையில உருட்டினா கயிறு மாதிரி நீளமா வருது. மூணு அடி போறதுக்குள்ள ஓரத்துலேருந்து தண்ணி ஊறி வந்துருச்சு, காலையில போய்ப் பாத்தா ரெண்டு அடிக்கு மேல நிக்குது. இப்ப மழைக்காலம் கூட இல்ல. இந்த மண்ணுல டேங்க்கே வைக்க முடியாதா? கண்ட்ராக்டர் ஃபைபர் டேங்க் ஒண்ணு வாங்கி உடனே புதைச்சுரலாம்னு இப்ப மாத்திப் பேசறாரு.


சிம்பாங்_அம்பாட்:

தம்பி, கடலோரப் பக்கத்துல நம்ம ஊரு பூரா அந்தச் சாம்பல் களிமண்ணுதான், பயப்படாதீங்க, டேங்க் வைக்கலாம், ஆனா அவசரப்பட்டு ஃபைபர் டேங்க்க ‘உடனே’ புதைக்க விடாதீங்க. எங்க மச்சான் வீட்டுல நடந்தத சொல்றேன். ஆள் வச்சு குழி தோண்டி ஃபைபர் டேங்க்க எறக்கி மண்ணு மூடிட்டுப் போயிட்டாங்க, உள்ள தண்ணி நெரப்பல, அடியில கான்கிரீட்டும் போடல. ராத்திரி பூரா நல்ல மழை. விடிஞ்சு பாத்தா டேங்க் ஒரு பக்கமா சாஞ்சு மண்ணப் பிளந்துட்டு மேல வந்து நிக்குது, பைப் ஜாயிண்ட் எல்லாம் பிச்சுக்கிச்சு, மூடி மேல சேத்துத் தண்ணி. பாக்கவே வயிறு எரிஞ்சது.

காரணம் சிம்பிள்தான். 4,500 லிட்டர் டேங்க் காலியா தண்ணிக்குள்ள உக்காந்தா கீழேருந்து நாலரை டன் மேல தூக்குது, டேங்க்கோட எடை அதுல கால்வாசி கூட வராது. அதனால அடியில கான்கிரீட் தளம் போட்டு, டேங்க்க அதோட பட்டை போட்டுக் கட்டணும், மண்ணு மூட மூட உள்ளயும் தண்ணி நெரப்பிட்டே வரணும், ரெண்டு பக்கமும் சமமா. கான்கிரீட் டேங்க் கனம் ஜாஸ்தி, அதனால மெதக்கற பயம் கம்மி, ஆனா பூச்சு சரியில்லன்னா நெலத்தடித் தண்ணி உள்ள ஊறி வந்து டேங்க்கே எப்பவும் நெரம்பி வழியும், அதுவும் தொல்லைதான். கான்கிரீட் போட்டா மூடறதுக்கு முன்னாடி தண்ணி நெரப்பி ஒரு நாள் விட்டு மட்டம் எறங்குதான்னு பாத்துட்டுத்தான் காசு குடுக்கணும். உங்க மண்ணுக்கு ரெண்டுல எதுன்னா, ஒழுங்கா கட்டி நிறுத்தத் தெரிஞ்ச ஆள் கெடைச்சா ஃபைபர், இல்லன்னா நல்லா பூசின கான்கிரீட். இது என் சொந்தக் கருத்து.

லோரி வந்து உறிஞ்சினப்புறமும் இதே கதைதான், ஃபைபர் டேங்க்க காலியா விடாம அன்னிக்கே தண்ணி நெரப்பிருங்க. செப்டம்பர்லேருந்து நவம்பர் வரைக்கும் நம்ம பக்கம் மழை கொட்டும், 2017 நவம்பர் வெள்ளம் யாரும் மறந்திருக்க மாட்டீங்க, அந்த மாசத்துல டேங்க்க காலி பண்ணாம முன்னாடியே பண்ணி வச்சுக்குங்க.

வெளிய போற தண்ணிக்கு, உங்க குழியில தண்ணி அவ்ளோ மேல நின்னா மண்ணுக்குள்ள விடற வாய்க்கால் வேலைக்கு ஆகாது. தண்ணி ஊற விடற பள்ளத்துக்கும் நெலத்தடி நீருக்கும் நடுவுல ஒரு மீட்டராவது காஞ்ச மண்ணு இருக்கணும், அந்த மண்ணுதான் கிருமிய வடிகட்டுது. உங்களுக்கு அது இல்ல. எஞ்சினியர்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க: டேங்க்குக்கு அப்புறம் மூணாவதா கல்லு நெரப்பின ஃபில்டர் அறை, தண்ணி கீழேருந்து மேல ஏறி வர்ற மாதிரி, அதத் தாண்டி ஒப்புதலோட வாய்க்காலுக்கு. இல்லாட்டி மண்ணு மணல் கொட்டி மேடு கட்டி பம்ப் வச்சு அந்த மேட்டுல ஊற விடறது. ரெண்டாவது நல்லது ஆனா கரண்டு, பம்ப் ரிப்பேர்னு வரும். எது பண்ணாலும் டேங்க்லேருந்து நேரா பாரிட்டுக்கு ஒரு பைப்பப் போட்டு விட்றாதீங்க. அந்தத் தண்ணி போய்ச் சேர்ற கடலோரத்துலதான் கெராங் (சிப்பி) எடுக்கறாங்க, கெராங் தண்ணிய வடிகட்டித்தான் தின்னுது, அதத்தான் நம்ம பாசார்ல (சந்தையில) வாங்கிட்டு வர்றோம்.


பாலிக்_பூலாவ்_அண்ணன்:

நான் பினாங்குத் தீவுப் பக்கம். எங்களுக்கு மண்ணு வேற, மலைச்சரிவு, கல்லும் மணலும் கலந்தது, தண்ணி நல்லா எறங்கும், சில எடத்துல ரொம்பவே வேகமா எறங்கும், அதுவும் ஆபத்துதான் ஏன்னா வடிகட்டறதுக்கு நேரமே இல்ல. இத்த படிக்கிற மத்தவங்களுக்காக எழுதறேன், மண்ணு டெஸ்ட் நீங்களே பண்ணிப் பாக்கலாம். ஒரு அடிக்கு ஒரு அடி சின்னக் குழி, ஊற விடப் போற ஆழத்துல வெட்டி, ராத்திரி தண்ணி ஊத்தி ஊற விட்டுருங்க. மறுநாள் திரும்ப 30 செண்டி ஊத்தி, நடுவுல 15 செண்டி எறங்க எவ்ளோ நேரமாகுதுன்னு பாருங்க. அரை மணி நேரத்துக்குள்ள எறங்கினா ரொம்ப வேகம், நாலு மணி நேரத்துக்கு மேல இழுத்தா அந்த மண்ணு ஆகாது. நேரத்த செகண்டாக்கி 150ஆல வகுத்தா ஒரு நம்பர் வரும், அத ஆள் எண்ணிக்கையால பெருக்கி நாலால வகுத்தா எத்தன சதுர மீட்டர் பள்ளம் வேணும்னு வரும். உதாரணத்துக்கு 100 நிமிஷம் ஆச்சுன்னா நம்பர் 40, ஏழு பேருக்கு 70 சதுர மீட்டர். அவ்ளோ எடம் வேணும்னு நெறைய பேருக்குத் தெரியறதில்ல, நாலடிக் குழி வெட்டிட்டு போதும்னு நெனைக்கிறாங்க.

தம்பிக்கு என் பங்குக்கு ஒண்ணே ஒண்ணு, லோரி. டேங்க்க வீட்டுக்குப் பின்னாடி அடுப்படி ஓரமா வச்சு, முன்னாடி போர்ச் கட்டி, சைடுல வேலி போட்டு அடைச்சப்புறம் லோரி எங்க வந்து நிக்கும்? ஹோஸ் எட்டுமா? எங்க பக்கம் ஒரு வீடு ரோட்டுக்குக் கீழ பள்ளத்துல, டேங்க் அதுக்கும் கீழ. வேக்யூம்ல தண்ணிய உறிஞ்சித் தூக்கறதுக்கு ஒரு எல்லை இருக்கு, கணக்குப்படி 10 மீட்டர், நெசத்துல ஆறேழு மீட்டர்தான், சேறுன்னா இன்னும் கம்மி. அந்த வீட்டுல லோரிக்காரர் ரோட்டுல நின்னு பாத்துட்டு முடியாதுன்னு கையெடுத்துக் கும்பிட்டுப் போயிட்டாரு. உங்களுக்குப் பள்ளம் இல்ல, ஆனா கம்பத்து மண்ரோடு, மழைன்னா லோரி சக்கரம் பொதையும். டேங்க்க ரோட்டுப் பக்கமா, கல்லு போட்ட எடத்துலேருந்து ஹோஸ் எட்டற தூரத்துல வைங்க. அது மேல காடி (கார்) நிறுத்தற மாதிரியும் வைக்காதீங்க, சிமெண்ட் போட்டு மூடியப் பூசி மறைக்கவும் வேணாம்.


சேஃப்டி_காளி:

இவ்ளோ நல்ல தகவல் வந்திருக்கு, ஆனா உயிர் போற விஷயத்த யாரும் இன்னும் சொல்லல. டேங்க் அடைச்சுக்கிச்சு, டி பைப் ஒடஞ்சிருச்சு, போன் உள்ள விழுந்துருச்சு, எதுவா இருந்தாலும் டேங்க்குக்குள்ள எறங்காதீங்க, தலையக் கூட உள்ள விடாதீங்க. நான் ஃபேக்டரியில மூடின எடத்து வேலைக்கு ஆள் அனுப்பற பொறுப்புல இருக்கேன், இதுக்குன்னே நம்ம நாட்டுல தனியா விதிமுறை இருக்கு, கேஸ் அளந்து பாக்காம யாரையும் எறக்கக் கூடாது. வீட்டுல அந்த மீட்டர் யார்கிட்ட இருக்கு?

அழுகின முட்டை நாத்தம் வருதே, அது ஹைட்ரஜன் சல்ஃபைட். கொஞ்சமா இருக்கறப்பதான் நாறும். 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துல நூறு பங்கு) பக்கம் போச்சுன்னா மூக்கு மரத்துப் போயிரும், நாத்தம் போயிருச்சு, காத்து நல்லாயிருச்சுன்னு ஆள் நெனைச்சுக்குவான். 500 தாண்டினா நிமிஷக் கணக்குல மயங்கி விழுவான், 1,000 பக்கம் போனா ஒரு ரெண்டு மூச்சுதான். காத்த விட கனமானது, அதனால அடியில தேங்கி நிக்கும், மூடிய ரெண்டு மணி நேரம் தொறந்து வச்சாலும் போகாம இருக்கலாம். கம்பால சேத்தக் கலக்கினா திடீர்னு பொங்கிக் கெளம்பும். விழுந்தவர தூக்கப் போன அண்ணன், அண்ணன தூக்கப் போன அப்பான்னு வரிசையா போன செய்தி எத்தன படிச்சிருக்கோம். யாராவது உள்ள விழுந்துட்டா 999 கூப்பிடுங்க, மேலேருந்து கயிறோ கம்போ நீட்டுங்க, எறங்க மட்டும் வேணாம். மீத்தேனும் உள்ள இருக்கு, அதனால மூடிகிட்ட சிகரெட், லைட்டர், சாம்பிராணி எதுவும் கூடாது.

ரெண்டு சின்னப் பிள்ளைங்கன்னு எழுதியிருக்கீங்க. மூடி கனமான இரும்பு மூடியா, இல்லாட்டி போல்ட் போட்ட ஃபைபர் மூடியா இருக்கணும், உள்ள ஒரு கம்பி வலையும் வச்சுருங்க. துருப்பிடிச்ச தகரத்தப் போட்டு மூடி அது மேல பூத்தொட்டி வைக்கிறத நெறைய வீட்டுல பாத்திருக்கேன், பாக்கறப்பல்லாம் பதறுது.


புக்கிட்_மெர்தாஜாம்_அக்கா:

தம்பி, கட்டறத ஆம்பளைங்க சொல்லிட்டாங்க, நான் நடத்தறத சொல்றேன், ஏன்னா டேங்க்க காப்பாத்தறதும் கெடுக்கறதும் அடுப்படியும் பாத்ரூமும்தான். நாங்க செப்டிக் டேங்க் வீட்டுலதான் எப்பவும் இருக்கோம். சமைச்ச எண்ணெய சிங்க்ல ஊத்தக் கூடாது, முறுக்கு சுட்ட எண்ணெய், ஆட்டுக் கறி கொழுப்பு, தேங்காப்பால் கொழம்பு மிச்சம் எல்லாம் ஆறவச்சு டப்பாவுல ஊத்திக் குப்பையில போடுங்க. அடுப்படித் தண்ணி டேங்க்குக்குப் போற மாதிரி பிளான் இருந்தா நடுவுல எண்ணெய் கொழுப்பப் பிடிக்கற கிரீஸ் ட்ராப் கண்டிப்பா வேணும், அத வாரா வாரம் நீங்கதான் அள்ளிச் சுத்தம் பண்ணணும், யாரும் வந்து பண்ண மாட்டாங்க. டாய்லெட்ல பேப்பரத் தவிர எதுவும் போடக் கூடாது. வெட் வைப்ஸ், ‘கரையும்’னு கவர்ல போட்டிருந்தாலும் டேங்க்ல கரையாது. பிள்ளைங்க பேம்பர்ஸ், பொம்பளைங்க பேடு, சீப்புல வர்ற முடி, எதுவும் வேணாம். விருந்தாளி வர்ற வீட்டுல பாத்ரூம்ல மூடி போட்ட குப்பை டின் ஒண்ணு வச்சுட்டா பாதி பிரச்சனை தீந்துரும், அவங்களுக்கு என்ன தெரியும் பாவம்.

குளோரோக்ஸ் (பிளீச்) கொஞ்சமா போட்டுக் கழுவலாம், ஆனா பாட்டில் பாட்டிலா ஊத்தினா உள்ள இருக்கற நல்ல கிருமி செத்துரும். துணி தொவைக்கிறத ஒரே ஞாயித்துக்கிழமை அஞ்சு லோடு போடாம பிரிச்சுப் போடுங்க. மழைத் தண்ணி பைப்ப எக்காரணத்தக் கொண்டும் டேங்க்ல சேக்காதீங்க.

கடையில டேங்க் பவுடர், ஈஸ்ட், ஈ.எம் தண்ணின்னு (நல்ல கிருமி கலந்த தண்ணி) விக்கிறாங்க. 2009ல கர்னி டிரைவ் கடல்ல ஈ.எம் மண்ணுருண்டை லட்சக்கணக்கா போட்டாங்களே, அதுலேருந்து நம்ம ஊருல அதுக்கு மவுசு ஜாஸ்தி. வேணாம் தம்பி, டேங்க்குக்கு வேண்டிய கிருமி நம்ம வயித்துலேருந்தே போகுது, பவுடர் போட்டா லோரி தேவையில்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, சேறு சேறுதான்.

சேறு எவ்ளோன்னு பாக்க ஒரு வழி: நீளமான கம்புல அடிப்பக்கம் ஒரு மீட்டருக்கு வெள்ளைத் துணிய இறுக்கமா சுத்தி, மூடிகிட்ட குனியாம நின்னபடியே மெதுவா மொத அறையில அடி வரைக்கும் எறக்கி, கொஞ்ச நேரம் விட்டு எடுங்க. துணியில கறுப்பா கெட்டியா ஒட்டின ஒசரம்தான் சேறு, அதுக்கு மேல வெளிறின பழுப்புக் கறையா இருக்கறது தண்ணி. கோடு நல்லாவே தெரியும். சேறும் மேல ஆடையும் சேந்து தண்ணி ஆழத்துல மூணுல ஒரு பங்கு வந்துட்டா லோரி கூப்பிட்டுருங்க. பாக்காட்டியும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ எடுக்கணும்னு 2021லேருந்து விதி, எடுக்காம விட்டா சட்டத்துல 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம் இருக்கு. லைசென்ஸ் உள்ள லோரியா பாத்து, ரசீத வாங்கி பத்திரமா வைங்க. மலிவா வர்றாங்கன்னு கூப்பிட்டா செம்பனைக்குள்ள கொண்டு போய்க் கொட்டிட்டுப் போயிருவாங்க, அது உங்க வீட்டு ஓரமாவே இருக்கும்.


ஜாவி_தம்பி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அப்பாகிட்ட ஒண்ணு விடாம படிச்சுக் காட்டினேன், ரிங் பேச்சே இனி வேணாம்னுட்டாரு. எஞ்சினியரப் பாத்துப் பேசியாச்சு, ரெண்டு அறை கான்கிரீட் டேங்க், அதோட ஃபில்டர் அறை, ரோட்டுப் பக்கமா, பாட்டி கெணத்துலேருந்து அந்தாண்ட மூலையில 30 மீட்டருக்கு மேல வருது. பிளான் அவரே போடறாரு. ரெண்டு சந்தேகம் மட்டும்: காத்து போற பைப் எவ்ளோ ஒசரம் வைக்கணும், அப்புறம் அம்மா டேங்க் பக்கத்துல ஒரு மாமரமும் கீரைப் பாத்தியும் போடணும்னு ஆசைப்படறாங்க, போடலாமா?


குழாய்_மாமா:

காத்து பைப் கூரைய விட ஒசரமா, ஜன்னல் பக்கம் இல்லாம, மேல கொசு வலை கட்டி. வலை கிழிஞ்சா அன்னிக்கே மாத்துங்க, டேங்க்லேருந்து கொசு கூட்டமா வரும். அம்மாகிட்ட சொல்லுங்க, மாமரம், தென்னை, ரம்புத்தான் எல்லாம் வேர் பைப்ப ஒடச்சுரும், தள்ளித்தான் போடணும். டேங்க் மேல புல்லு மட்டும் போதும். கீரைய அந்தப் பக்கமே வேணாம், பச்சையா பறிச்சு ஆயற பயிரு அது, வீட்டுக்கு முன்னாடி வெயில் படற எடத்துல பாத்தி போட்டுக் குடுங்க. டேங்க் மூடறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து, ரெண்டு சுவத்து மூலையிலேருந்து மூடி எவ்ளோ தூரம்னு அளந்து எழுதி, ரசீதோட ஒரே ஃபைல்ல வச்சுருங்க, நாளைக்கு நீங்க ஊருல இல்லாதப்ப லோரி வந்தா அப்பா அந்தத் தாளக் காட்டினா போதும்.